பித்தளைப் பல்

பவுண்டரி வீதியில் முப்பத்தாறு வீடுகள் உண்டு, முப்பத்தாறுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய கார் உண்டு, அந்தக் காருக்கும் இந்த ஊர்க் கல்யாணப் பெண்களுக்கும் என்ன பகையோ தெரியாது, வெறுமனே ஓட்டினால் சமர்த்தாக ஓடும், பெண்ணை ஏற்றினால் மட்டும் மண்டபத்துக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது இருமி இருமி நின்றுவிடும். பால் நிறத்தில் மூக்கு நீண்ட ஆஸ்டின் அது. வைத்திருந்தவன் திருமூர்த்தி, மெக்கானிக், வீதியின் முதல் வீட்டுக்காரன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதுதான் அவன் பிழைப்பு. வண்டி நின்றதும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்து, "பாயிண்ட் கருகிப் போச்சுங்க, ஒரு நிமிசம்" என்பான். உள்ளே மணப்பெண் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருப்பாள். பெரியம்மாக்களும் அத்தைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சகுனம் என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே மெல்லுவார்கள்.

இப்படி நாலைந்து பெண்களை அழவைத்த பிறகு, எஞ்சினுக்கு நெருப்பு விடுகிற பழைய பாயிண்ட்டையும் கன்டென்சரையும் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவது என்று திருமூர்த்தி முடிவு செய்தான். அதற்கு வேண்டிய பெட்டியும் சென்சாரும் கூரியரில் வந்தன. வராதது சக்கரம் மட்டும்தான். அதைக் கேட்டுத்தான் அவன் வீதியின் கடைசி வீட்டுக்கு, எங்கள் பட்டறைக்கு வந்தான். முன்னால் லேத் பட்டறை, பின்னால் வீடு. பம்புக்கு கியர் வெட்டித் தருவது நாங்கள் செய்கிற வேலை. நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரர் சென்னியப்பனும்.

"ஏனுங்ணா, இரும்புத் தகட்டுல முப்பத்தாறு பல்லு வெட்டுங்க. வெட்டிப்போட்டு அதுல ஒன்னை எடுத்துருங்க" என்றான்.

"எடுக்கறதுக்கு எதுக்குடா வெட்டறது?" என்றார் இவர்.

"அந்த எடம் காலியா இருந்தாத்தானுங்ணா ஆவும். சக்கரம் எஞ்சினோட சுத்தும். சென்சாரு பக்கத்துல நின்னு ஒவ்வொரு பல்லா எண்ணும். எல்லாப் பல்லும் ஒன்னுபோல இருந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு பல்லு இல்லாத எடம் வந்துச்சுன்னா, ஓ, இங்கதான் இருக்கறோம்னு புடிச்சுக்கும். அதை வெச்சுத்தான் எப்ப நெருப்பு விடோணும்னு பெட்டி முடிவு பண்ணும்."

இல்லாத ஒன்றை வைத்துத் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிற எஞ்சினை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன், கேட்டுவிட்டு இட்லிக்கு அரிசி நனைக்கப் போய்விட்டேன். பயப்பட வேண்டிய நேரத்தில் நான் என்றைக்குமே பயந்ததில்லை, எல்லாப் பயத்தையும் சேர்த்து வைத்துப் பின்னால் படுவதுதான் என் வழக்கம்.

சக்கரம் முடிந்து அதை வாங்கிப்போகத் திருமூர்த்தியின் பெண்டாட்டி சுலோச்சனா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். வந்தவள் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள், பல் போன இடத்தில் விரலை வைத்தாள், தாம்பாளத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். "அக்கா, இது மூளியா இருக்குது. விளிம்பு ஒடஞ்ச குடத்தையே வீட்டுக்குள்ள வெக்க மாட்டோம், மூளிச் சக்கரத்தைக் கல்யாண வண்டில மாட்டுவாங்களா? தாலி கட்டப்போற புள்ளை உக்கார்ற வண்டிங்க்கா" என்றாள். வாசலில் கூடிய பெண்களும் அதைத்தான் சொன்னார்கள், நானும் அதைத்தான் சொன்னேன், சொல்லாதவர் அந்த வீதியில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சென்சாருக்கு இரும்பு மட்டும்தான் தெரியும், பித்தளை தெரியாது. காலி இடத்தில் பித்தளையில் ஒரு பல் செய்து ஊதி ஒட்டிவிட்டால் மனுசக் கண்ணுக்குச் சக்கரம் முழுசு, சென்சாரின் கண்ணுக்கு மூளி. வீதியே கைதட்டியது. யாருடைய யோசனை, கேஸ் வைத்து அந்தப் பல்லை ஊதி ஒட்டியது யார் என்று இப்போது கேட்டால் நான் அவரைக் காட்டுவேன், அவர் என்னைக் காட்டுவார், அதை விடுங்கள். வேலை அத்தனை சுத்தம், இரும்பு எங்கே முடிந்து பித்தளை எங்கே தொடங்குகிறது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சுலோச்சனா அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தங்கப் பல் கட்டின மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரித்தாள். திருமூர்த்தி அதை எஞ்சினோடு சுற்றுகிற புல்லியில் மாட்டி, சென்சாரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை நுழைத்து எடுத்து, அந்தக் கனம் இடைவெளி போதும் என்றான்.

அடுத்த முகூர்த்தத்தன்று விடிகாலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. பெண்ணை ஏற்றினான், இருமல் இல்லை, நிற்கவில்லை, மண்டபத்து வாசலில் மேளத்துக்கு நடுவே சன்னமாக உறுமிக்கொண்டு போய் நின்றது. மத்தியானம் திருமூர்த்தி வீதிக்குத் திரும்பி வந்து பார்த்தால் அவன் வீட்டைக் காணவில்லை.

இடிந்து கிடக்கவில்லை, எரிந்து போகவில்லை, வெறும் மனையாகக்கூட இல்லை. பல் விழுந்த இடத்தை ஈறு மூடிக்கொள்வது போல வீதி அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது; இரண்டாவது வீட்டுச் சுவர்தான் வீதிமுனை வரைக்கும் நீண்டிருந்தது. சுலோச்சனா உள்ளே உப்புமா கிளறிக்கொண்டிருந்தவள். திருமூர்த்தி அவளை ஒவ்வொரு வீட்டிலும் தேடினான், காருக்குள்ளேயே படுத்துக்கொண்டான், அடுத்த முகூர்த்தம் வந்ததும் முன்பணம் வாங்கிய பாவத்துக்காக அழுதுகொண்டே சாவியைத் திருப்பினான். திருப்பிய அந்த நொடியில் அவன் வீடு அதன் இடத்தில் இருந்தது, சுலோச்சனா கரண்டியோடு வாசலுக்கு வந்து, "ஏனுங்க, இன்னும் கெளம்பலியா?" என்று கேட்டாள், இரண்டாவது வீட்டைக் காணவில்லை.

அப்புறம் மூன்றாவது. மூன்றாவது போனபோது இரண்டாவது வந்தது. இப்படித்தான் எங்களுக்கு அது விளங்கியது: அடுத்த வீடு போனால்தான் போன வீடு வரும். வண்டியை உடைத்துப் போடலாம் என்று முதலில் எல்லாரும் கடப்பாறை எடுத்தார்கள்தான், ஆனால் எப்போது எடுத்தாலும் ஏதோ ஒரு வீடு வெளியே இருந்தது, அந்த வீட்டுக்காரர்களின் சொந்தக்காரன் ஒருவன் காருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான். நாலாவது வீட்டுக்காரர்கள் கெட்டிக்காரர்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு பல்லடத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி கிளம்பவே இல்லை, பூட்டின வீட்டை அது பல்லாகவே எண்ணவில்லை. மூன்றாவது வீட்டு மருமகனின் அண்ணன் பல்லடத்துக்கே போய் அவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே உட்கார வைத்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது.

பழகிக்கொண்டோம். எதற்குத்தான் மனிதர்கள் பழகவில்லை. போகிறது என்று யாரும் சொல்வதில்லை, முறை என்று பெயர் வைத்துக்கொண்டோம், கோவிலில் பூசாரிக்கு முறை வருகிற மாதிரி. முறை வருகிற வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், பக்கத்து வீடுகளிலிருந்து குழம்பும் ரசமும் போகும், கதவைச் சாத்தும்போது தெருவே நின்று "போயிட்டு வாங்க" என்று சொல்லும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கதவைச் சாத்தித் திறந்த மாதிரிதான் இருக்கும் என்றார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வீட்டைக் காணோம் என்றால் சிலிண்டரைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போகப் பழகினான். மீட்டர் பார்க்க வருகிறவர் "முறையில இருக்காங்களா?" என்று கேட்டுத் தலையாட்டிக்கொள்வார். கல்யாணத் தரகர்கள்கூட எங்கள் வீதிப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது முறை முடிந்த வீடு என்று சேர்த்துச் சொன்னார்கள். சாவியைத் திருப்பும் தடவைகள் குறையட்டும் என்று முகூர்த்தத்தன்று கிளப்பின வண்டியைத் திருமூர்த்தி சடங்கு முடிகிறவரை அணைக்காமல் மண்டபத்துக்கு வெளியே உறும விட்டு வைத்தான், புகை வருகிறது என்று பெண்வீட்டார் வைதால் வாங்கிக்கொண்டான்.

தடவைகள் குறைய வேண்டும் என்று நாங்கள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. திரும்பி வருகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று குறைந்திருந்தது.

சுலோச்சனா வீட்டில் ஒரு குழிக்கரண்டி. இரண்டாவது வீட்டில் மாடிப்படியில் ஒரு படி, ஏறும்போதெல்லாம் கால் இடறியது. அப்புறம் ஒரு வீட்டில் சேவல், ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள், ஒரு வீட்டில் கிணற்று ராட்டினம். குறைந்தது என்னவென்று கண்டுபிடித்த வீட்டார் முதலில் சலித்துக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் சிரித்தார்கள், அப்புறம் அதைச் சொல்லி இனிப்புக் கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். வீதியில் ஜிலேபித் தட்டோடு யாராவது வந்தால், "என்னங்க்கா போச்சு?" என்று கேட்போம். "தோசைத் திருப்பிடா கண்ணு, தோசைத் திருப்பி!" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வார்கள்.

வசந்தாமணியின் முறை முடிந்த நாளில் அந்தச் சிரிப்பு நின்றது.

அவள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. கரண்டிகள் சரி, படிகள் சரி, ஆடு இரண்டும் சரி. சாயங்காலம் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாள். புருசன், மாமியார், மகள், தான் என்று நாலு பேர். அவள் கை ஐந்து தட்டு வைத்தது. எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுநாளும் ஐந்து வைத்தாள். குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ் ஐந்து இருந்தது. கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இரண்டு வரிசையாக ஏறின, ஒரு வரிசை அவள் மகளுடையது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் நடுவே ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நாலு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் படத்தை எடுத்துக்கொண்டு வீதியில் ஓடி வந்து ஒவ்வொருவராகக் கேட்டாள். "யாருங்க்கா இங்க இருந்தது? ஆருக்காச்சும் தெரியுமாங்க? பேரு மட்டும் சொல்லுங்க போதும்." எங்களுக்குத் தெரியவில்லை. சத்தியமாக ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் எப்போதும் நாலு பேர்தான் என்று வாயால் சொன்னோம், சொல்லும்போது படத்தில் இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க எல்லாரும் தரையைப் பார்த்தோம். "விருந்தாளிக்குன்னு நெனைச்சுக்கம்மா" என்று நான்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அதற்குப் பிறகு முறை முடிந்து வருகிற வீட்டார் வாசலைத் திறப்பதற்கு முன்பே தேட ஆரம்பித்தார்கள். அரிசி டப்பாவைக் கொட்டினார்கள், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், ஊக்குகளை எண்ணினார்கள். தொலைந்தது ஒரு ஊக்குதான் என்று தெரிந்தால் பட்டாசு வெடித்தார்கள். ஏனென்றால் தொலைந்த பொருள் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், தொலைந்தது பொருள் இல்லை.

எங்கள் வீடு முப்பத்தாறாவது. என் மகள் மேகலா பிரசவத்துக்கு வந்திருந்தாள், மாசம் நிறைந்திருந்தது. முறை முப்பதைத் தாண்டியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை போய்விடும் என்பது மட்டுமில்லை என் பயம். போனது தெரியாமலே நான் சிரித்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், என் மகள் காலி வயிற்றைத் தடவிக்கொண்டு ஏன் இங்கே வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள், அழுவதற்குக்கூட எங்களுக்குத் தெரியாது. முறைக்கு முன்னால் அவளைக் காங்கயத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது, பட்டறையில் நான் மட்டும் உட்கார்ந்துகொள்வது என்று பேசி வைத்திருந்தோம்.

முப்பத்தைந்தாவது வீடு மாரப்பன் டெய்லருடையது. அது போனபோது அவன் பெண்டாட்டி செல்வநாயகி பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள், அவசரத்தில் திருமூர்த்தி எண்ணிப் பார்க்காமல் சாவியைத் திருப்பிவிட்டான். மாரப்பனும் கைக்குழந்தையும் வீட்டோடு போய்விட்டார்கள். அவள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் கதவு இருந்த இடத்தில், எங்கள் வீட்டுச் சுவர் நீண்டு மூடியிருந்த இடத்தில், முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள், அப்புறம் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. மார் கட்டி ரவிக்கை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தது. நான் கஞ்சி கொண்டுபோனால், "உங்க முறை எப்பங்க்கா?" என்று மட்டும் கேட்பாள். என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான், நியாயமான கேள்விதான், ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்ப்பேன்.

அவள் பக்கத்தில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பூசி மெழுகினது தெரியாத சுவர். இரும்பு எங்கே முடிகிறது, பித்தளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத மாதிரி.

உள்ளே போய் இவரிடம் சொன்னேன். "ஏனுங்க, ஒரு எடம் காலியா இருந்தாத்தான் அந்த எஞ்சினுக்கு ஓட முடியும். அது காலியா இருக்கறதை நாம பாக்க மாட்டோம்னு அடைச்சு வெச்சுட்டோம். காலி எடம் வேற எங்க போவும்? நம்ம வீதிக்கு வந்துருச்சு."

"இரும்போட பொழங்கறவ பேசற பேச்சா இது?" என்றார். பிறகு லேத்தைத் துடைத்தார். "பல்லை எடுத்துப்போட்டாப் போன வீடு வருமா புள்ள?" என்று கேட்டார். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

முகூர்த்த நாள் விடிந்தது. மேகலாவைக் கூட்டிப்போக மருமகன் வந்துகொண்டிருந்த அதே காலையில், சொன்ன தேதிக்கு முன்பாகவே, அவளுக்கு வலி கண்டுவிட்டது. வீதியின் மறுகோடியில் திருமூர்த்தி காருக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டிருப்பது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவன் சாவியைத் தொடுவதற்குள் தடுக்க வேண்டும் என்று நானும் இவரும் ஓடினோம். தலைப்பிரசவத்தில் வலி கண்ட பெண்ணைத் தனியே விட்டுவிட்டு எந்தத் தாய் ஓடுவாள் என்று பிற்பாடு வீதியே என்னைக் கேட்டது. எனக்கும் அது புரியவில்லை. ஓடும்போது வேறு எல்லாப் பயமும் இருந்தது, அவளைத் தனியே விட்ட பயம் மட்டும் கொஞ்சம்கூட இல்லை.

"சாவியைத் தொடாதடா!" என்று கத்தினேன். "பித்தளைப் பல்லை எடுத்துப்போட்டு அப்பறம் கெளப்பு."

திருமூர்த்தி விழித்தான். சுலோச்சனா வாசலுக்கு வந்துவிட்டாள். "மூளியாக்கி ஓட்டறதா? இன்னிக்கு ஒரு புள்ளைக்குத் தாலி ஏறப்போவுதுங்க்கா!"

"இத்தனை நாளா முழுசா ஓட்டித்தான வீதியே மூளியாப் போச்சு?"

கூட்டம் சேர்ந்தது. முதல் சுற்று முடிந்து தங்கள் வீட்டு முறை மறுபடி வரப் போகிறதே என்று பயந்தவர்கள் எடுக்கச் சொன்னார்கள், எடுத்து வேறு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தவர்கள் வேண்டாம் என்றார்கள், இரண்டு பக்கமும் பயந்தவர்கள் பேசாமல் நின்றார்கள். அப்போது செல்வநாயகி எழுந்து வந்தாள். அவளுக்கு வழி விட்டார்கள்.

"எடுத்தா என்ற வீடு வருமாங்க்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலீடா கண்ணு" என்றேன்.

"எடுக்காமக் கெளப்புனா வந்துரும்."

"வந்துரும். என்ற புள்ள வலியெடுத்து உள்ள கெடக்கறா. அவ போயிருவா."

அவள் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கையில் இன்னும் அந்தப் பால் பாக்கெட் இருந்தது, கெட்டு உப்பியிருந்தது. என் உயிர் முழுக்க அவள் வாயில் நின்றது. வேண்டாம் என்று அவள் சொன்னால் அவளை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. "எடுங்க" என்றாள். "என்ற கொழந்தையை வாங்கறதுக்கு இன்னொரு கொழந்தையைக் குடுத்துட்டு அதுக்கு எப்படிங்க்கா பால் குடுப்பேன்?"

இவர் காருக்கு அடியில் படுத்து ரம்பத் தகட்டால் அறுத்தார், அரத்தால் ராவினார். மஞ்சள் தூள் அவர் முகத்தில் உதிர்ந்தது. பல் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது, விரல் நகம் அளவுதான், சூடாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன். திருமூர்த்தி சாவியை என் கையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். நான்தான் ஏறி உட்கார்ந்தேன், நான்தான் திருப்பினேன்.

எஞ்சின் பிடிப்பதற்கு முன்னால், காலி இடம் எங்கே என்று தேடச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும் என்று திருமூர்த்தி எப்போதோ சொல்லியிருந்தான். அந்த ஒரு சுற்றின்போது நான் வீதியின் கடைசியைப் பார்த்தேன். மாரப்பன் வீடு வந்துவிட்டது. அதற்கு அடுத்து எங்கள் வீடு இல்லை. பட்டறை இல்லை, கதவு இல்லை, என் மகள் இல்லை. கத்த வாயைத் திறப்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது, வண்டி சன்னமாக உறுமியது, எங்கள் வீடு அதன் இடத்தில் நின்றது. கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. பின்னால் செல்வநாயகி அலறிக்கொண்டு ஓடுவதும், குழந்தை அழுவதும் கேட்டது. யாரோ வீடுகளை எண்ணினார்கள், முப்பத்தாறு, முப்பத்தாறு என்று கூவினார்கள்.

நான் எங்கள் வீட்டுக்குள் ஓடியபோது மேகலா கட்டிலில் கிடந்தாள், அவள் தொடைகளுக்கு நடுவே என் பேத்தி முழுசாக, சிவப்பாக, கத்திக்கொண்டு கிடந்தாள். கட்டிலருகே வெந்நீர் தயாராக இருந்தது, பழைய வேட்டி கிழித்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் விரல்களை எண்ணினேன், மறுபடி எண்ணினேன், விழுந்து விழுந்து அழுதேன்.

"தனியா விட்டுட்டுப் போயிட்டேனே சாமி" என்றேன்.

மேகலா என்னை வினோதமாகப் பார்த்தாள். "தனியா இல்லியேம்மா. யாரோ என்ற கையைப் புடிச்சிருந்தாங்க. நெம்ப நேரமா. இப்பத்தான் விட்டாங்க." அவள் மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு இன்னும் மாறவில்லை.

அன்றிலிருந்து எந்த வீடும் போகவில்லை. மூளிச் சக்கரத்தோடு அந்தக் கார் இன்றைக்கும் பெண்களை மண்டபத்தில் சேர்க்கிறது, ஒரு பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீதி வேப்பிலைகளை அவிழ்த்துவிட்டது. செல்வநாயகி தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக என் பேத்திக்கும் பால் கொடுத்தாள். வசந்தாமணி மட்டும் ஐந்தாவது தட்டை வைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் தேடினேன். வீடு ஒருமுறை போய் வந்திருக்கிறது, ஒன்று குறைந்திருக்க வேண்டும். ஒரு கரண்டி குறையட்டும், ஒரு டிரில் பிட் குறையட்டும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு அடுக்களையையும் பட்டறையையும் தலைகீழாகக் கவிழ்த்தேன். எதுவும் குறையவில்லை. அதிகமாகத்தான் இருந்தது. கொல்லையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாத ஒரு மோட்டார் பைக். கொடியில் இவருக்குத் தோள் நிற்காத பெரிய சட்டைகள். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு, இவர் கால் அதற்குள் குழந்தைக் கால். மருமகனுடையது என்றார் இவர். மருமகன் போட்டுப் பார்த்துவிட்டுத் தன்னுடையது இல்லை என்றான். பட்டறையில் கேஸ் சிலிண்டரின் பக்கத்தில், எனக்கு எட்டாத உயரத்தில் ஒரு ஆணி, அதில் ஊதி ஒட்டும்போது கண்ணுக்குப் போடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடி. எனக்கு கேஸ் டார்ச்சைக் கண்டாலே ஆகாது, இவருக்குக் கண் கூசும். அப்படியென்றால் அது எதற்கு எங்கள் பட்டறையில் இருக்கிறது என்று கேட்டேன். இவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

எங்களுக்கு ஒரே பெண். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், விருந்தாளிக்குன்னு நெனைச்சுக்கங்க்கா என்பார்கள், சொல்லும்போது தரையைப் பார்ப்பார்கள். வசந்தாமணி மட்டும் ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து நானும் தட்டு ஒன்று கூடுதலாக வைக்கிறேன்.

பேத்திக்குப் பேச்சு வந்துவிட்டது. காங்கயத்திலிருந்து வந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வது அவளுக்கு விளையாட்டு. போன வாரம் அம்மா என்றாள், இவரைத் தொட்டு அப்பிச்சி என்றாள், என்னைத் தொட்டு அம்மாயி என்றாள், பிறகு தவழ்ந்து போய் அந்தக் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தட்டுக்கு மேலே யாரோ இருக்கிற உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டி "மாமா" என்றாள். சொல்லிவிட்டுத் தூக்கச் சொல்கிற குழந்தை மாதிரி கையை நீட்டியபடியே இருந்தாள். எனக்கு மார் கட்டிக்கொண்டது. பிள்ளை பெற்று இருபது வருசத்துக்கு மேல் ஆன எனக்கு, அன்றைக்குச் செல்வநாயகிக்குக் கட்டிய மாதிரி, வலித்தது.

இப்போது என் பயம் வேறு. பித்தளைப் பல் என் முந்தானை முடிச்சிலேயே இருக்கிறது, குளிக்கும்போதுகூட நான் அதை விடுவதில்லை. காலி இடத்தில் அதை மறுபடி ஒட்டிவிட்டால் வீதி மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். இன்னொரு வீடு போகும். போன வீடு வருவதுபோல, போனவரும் வரக்கூடும். செல்வநாயகி அன்றைக்கு இதே நிலையில் நின்றுதான் எடுங்க என்றாள், எனக்கு அவள் மனசு இல்லை. நாளைக்கு முகூர்த்தம். திருமூர்த்தி காரைத் துடைத்து நிறுத்தியிருக்கிறான், சக்கரத்தைக் கழற்றி எடுத்துவர எனக்கு ஒரு ஸ்பேனர் போதும். சாயங்காலத்திலிருந்து பட்டறைக்குள்தான் நிற்கிறேன், கேஸ் சிலிண்டரையும், ஆணியில் தொங்குகிற கறுப்புக் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு. என்னால் முடியாது, இவராலும் முடியாது. இந்த வீட்டில் பித்தளை ஊதி ஒட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.